இலை வெட்டாத வருடம்

தெஹ்ரான்
மே 20, 2004

அன்புள்ள அண்ணிக்கு,

ஷீலான் எழுதுகிறேன். உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் அடுப்பில் போட்டுவிடாமல் இதுவரை வந்திருக்கிறீர்கள் என்றால், மீதியையும் படித்துவிடுங்கள். இது வேலை விஷயம்.

அண்ணன் இறந்த நாற்பதாம் நாளுக்குப் பிறகு நமக்குள் பேச்சு இல்லை. அன்று ஊரார் முன்னால் நான் பேசியதை இப்போது கிளறப் போவதில்லை. கிளறினால் உங்களுக்கும் தூக்கம் போகும், எனக்கும் போகும்.

எங்கள் நிறுவனத்தில் ஒரு குழு அமைத்திருக்கிறார்கள். நாட்டிலுள்ள மரங்களில் எது நன்றாக இருக்கிறது, எது அழிந்துகொண்டிருக்கிறது என்று பார்த்து ஒவ்வொன்றுக்கும் ஒரு நிலை குறிக்க வேண்டும். இந்த வருடம் நம் ஓக் மரத்தின் முறை. குழுவில் நானும் ஒருத்தி. மலைநாடு முழுக்க அளந்து பார்க்க முடியாதென்று சில சரிவுகளை மட்டும் சீட்டுக் குலுக்கி எடுத்தார்கள். நம் கானீதார் சரிவும் வந்துவிட்டது.

செப்டம்பர் முதல் வாரம் அளவெடுக்கும் ஆட்கள் ஊருக்கு வருவார்கள். எல்லாரும் சமவெளிக்காரர்கள். கிளை கழித்த மரத்தைப் பார்த்தால் சாகப்போகிற மரம் என்று எழுதிக்கொள்வார்கள். ஆட்டுக்குத் தீவனமாக இலை வெட்டுவது, வெட்டிய மரம் மறு வருடமே துளிர்ப்பது, இதெல்லாம் நான் எத்தனை தடவை சொல்லியும் அவர்கள் மண்டையில் ஏறவில்லை. ஊர்க்காரர்களே காட்டை மொட்டையடிக்கிறார்கள் என்று அவர்கள் எழுதிவிட்டால் ஓக் 'அருகிவரும் மரம்' ஆகிவிடும். அப்புறம் இலை வெட்டுக்கு ஒரேயடியாகத் தடை. வெள்ளாட்டை மலையிலிருந்து இறக்குவார்கள். ஆட்டோடு உங்களையும் இறக்குவார்கள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். அவர்கள் வந்து போகும்வரை இலை வெட்டைத் தொடங்க வேண்டாம். ஊராருக்கும் சொல்லுங்கள்.

ஒளிக்காமல் ஒன்று சொல்லிவிடுகிறேன். தடை வந்தால் நான் உட்கார்ந்து அழப் போவதில்லை. அந்த மரங்களில் இனி யாரும் ஏறாமல் இருந்தால் எனக்கு நிம்மதி. ஆனால் தெரியாதவன் தப்பாகப் பார்த்து எழுதி அது வர வேண்டாம்.

ஹமேயின் கடையில் போன் வேலை செய்கிறதா? வெள்ளிக்கிழமை காலை கூப்பிடட்டுமா?

ஷீலான்


கானீதார்
ஜூன், புல் அறுப்பு முடிந்த மறுநாள்

ஷீலானுக்கு,

உன் கடிதத்தை அடுப்பில் போடவில்லை. வந்த நேரம் அடுப்பு அணைந்திருந்தது.

போன் வேண்டாம். ஏன் வேண்டாம் என்று உனக்குத் தெரியும். தெரியாத மாதிரி கேட்டிருக்கிறாய், அதனால் ஒரு தடவை எழுதிவிடுகிறேன். இனி எழுத மாட்டேன்.

மேலே ஓர் ஆள் ஏறினால் கீழே ஓர் ஆள் நிற்க வேண்டும். மேலே இருப்பவர் கிளை மாறும்போதெல்லாம் "இருக்கியா?" என்று கேட்பார். கீழே இருப்பவர் "இருக்கேன்" என்று சொன்ன பிறகுதான் அடுத்த கிளையில் கால் வைப்பார். இலைக்குள் இருப்பவருக்குத் தன் கால் தெரியாது, கீழே நிற்பவருக்குத்தான் தெரியும். நீயும் இந்த ஊரில் பிறந்தவள்தான். அன்று உன் அண்ணன் மேலே, நான் கீழே. மரக்கவையில் அடுக்கும் இலைப்போர் முடிய இன்னும் கொஞ்சம் கட்டுகள் பாக்கி. ஹமேயின் மகள் ஓடி வந்தாள். "அத்தே, தெஹ்ரான்லேந்து போனு! வச்சிடாம பிடிச்சிட்டிருக்காங்க!" உன் அண்ணன்தான் மேலிருந்து விரட்டினார். "போ, போ, என்னமோ ஏதோ. நான் இப்படியே கவையில உக்காந்திருக்கேன், நீ வர்ற வரைக்கும் அசையமாட்டேன்." நான் போனேன். நான் அனுப்பிய நெய் டப்பா வந்து சேர்ந்தது என்று நீ சொன்னாய். நல்ல மணம் என்றும் சொன்னாய். திரும்பி வந்தபோது அவர் கீழே கிடந்தார். உன் அண்ணன் எந்தக் காலத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறார்!

நாற்பதாம் நாள் நீ எல்லார் முன்னாலும் கேட்டாய். "அண்ணி, நீங்க ஏன் கீழ நிக்கல?" பதில் சொல்ல வாயெடுத்தேன். நீ அழுதுகொண்டிருந்தாய், விட்டுவிட்டேன். இப்போதும் கடையில் அந்த மணி அடித்தால் நான் தெருவின் மறுபக்கம் போய்விடுகிறேன். அதனால் எழுது. எழுத்தில் தப்பாக வந்ததை அடித்துவிட்டு வேறு எழுதலாம்.

அந்த மரத்தையே வெட்டித் தள்ளுங்கள் என்றாயே, வெட்டவில்லை. அவர் கடைசியாக அடுக்கிய போர் இன்னும் அதன் கவையில்தான் இருக்கிறது. போன குளிர்காலம் மற்றப் போர்களை வைத்து ஆட்டைக் காப்பாற்றினேன். அதை மட்டும் இறக்கக் கை வரவில்லை.

உன் ஆட்கள் வரட்டும். வந்தால் என் பங்கைப் பார்க்க வேண்டாம், தெற்குச் சரிவைப் பார்க்கச் சொல். அங்கே யாரும் வெட்டாத மரங்களே காய்ந்து நிற்கின்றன. பட்டையில் கறுப்பாகத் தண்ணீர் வடிகிறது. கையால் தட்டினால் பட்டை கழன்று வருகிறது, உள்ளே புழு தின்ற தூள். மழை இல்லை, மூன்று வருடமாகப் பனியும் சரியில்லை. இலையில் படியும் தேன்பாகும் இல்லை. அது என்ன நிலை என்று உன் குழு எழுதட்டும். எங்களைத் திட்டுவதற்கு முன்னால் அதை எழுதட்டும்.

ஊர்க்காட்டைப் பங்கு பிரித்து முறை வைத்து வெட்டுவதில் இந்த வருடம் மேற்பங்கின் முறை. ஆகஸ்ட் கடைசியில் தொடங்கினால்தான் அக்டோபர் நடுவுக்குள் முடியும். அதற்கப்புறம் இலை பழுத்துவிடும், பழுத்த இலையை ஆடு முகர்ந்துகூடப் பார்க்காது. முறை வந்த பங்கை ஒரு வீடு இரண்டு வருடம் சேர்ந்தாற்போல் வெட்டாமல் விட்டால் பங்கு கைவிட்டுப் போய்விடும், அதுவும் உனக்குத் தெரியும். இந்த வருடம் நானே ஏறப்போகிறேன். வலீ பெரியவர் வீட்டில் யாராவது கீழே நிற்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

ஊராரிடம் சொல்லிப் பார்க்கிறேன். கேட்பார்களா தெரியாது.

பெரிகான்


தெஹ்ரான்
ஜூலை 11

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து ஐந்தாறு தடவை பதில் எழுதினேன். எல்லாம் குப்பைக் கூடையில். நெய்யைப் பற்றி எழுதினால் வேறெதுவும் எழுத முடியவில்லை, அதனால் அதை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

நீங்களா ஏறப் போகிறீர்கள்? நாற்பத்தாறு வயதில்? உங்களுக்கு முட்டி வலி இருப்பது எனக்குத் தெரியாதென்று நினைத்தீர்களா? அண்ணன் முப்பது வருடம் ஏறிய மனிதர். அவருக்கே அப்படி ஆனது. சனந்தஜ் நகரில் என் வீடு பூட்டித்தான் கிடக்கிறது. சாவி பக்கத்து வீட்டில் இருக்கிறது. தண்ணீர் குழாயில் வருகிறது. கீழே ரொட்டிக்கடை. அங்கே வந்து இருங்கள் என்று அண்ணன் இருக்கும்போதே எத்தனை தடவை சொன்னேன்!

இங்கே வெயில் தாங்கவில்லை. காலையிலிருந்து மாலைவரை கூட்டம். தெற்குச் சரிவைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள். மற்ற ஊர்களிலிருந்தும் அதே சேதிதான், கறுப்புத் தண்ணீர், புழு, காய்ந்த உச்சி. ஆனால் எங்கள் அளவுகோல் வேறு மாதிரி, அண்ணி. ஒரு மரம் எத்தனை மலைகளில் இருக்கிறது, மூன்று தலைமுறைக் காலத்தில் எவ்வளவு குறைந்தது என்று கேட்கும். ஓக்குக்கு மூன்று தலைமுறை என்றால் நம் தாத்தாவின் தாத்தா காலத்துக்குப் போக வேண்டும். அன்று யார் எண்ணி வைத்தார்கள்? இன்றைக்கு நிறைய இருக்கிறது. நிறைய இருப்பது ஒன்றுதான் எங்களுக்கு உறுதியாகத் தெரியும்.

குழுவில் இரண்டு பேர் 'அருகிவரும் மரம்' என்று குறிக்கலாம் என்கிறார்கள். தடை வரட்டும், ஆடு இறங்கட்டும், காடு தானே தேறும் என்கிறார்கள். இரண்டு பேர் 'கவலை குறைந்த மரம்' என்கிறார்கள். என் கையைத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள். எனக்கு எது வேண்டுமென்று உங்களுக்குத் தெரியும். 'அருகிவரும்' என்று எழுதினால் நீங்கள் மரமேற முடியாது. ராத்திரி படுத்தால் அது ஒன்றே ஓடுகிறது. ஆனால் அளக்காமல் எழுத முடியாது. ஆட்கள் வரட்டும், அளந்த பிறகு பார்க்கலாம்.

செப்டம்பர் முதல் வாரம் நிச்சயம். அதுவரை மட்டும் பொறுங்கள்.

ஷீலான்


கானீதார்
செப்டம்பர் நடுவில்

ஷீலான்,

உன் ஆட்கள் எங்கே?

ஊரைக் கூட்டி நீ எழுதியதைப் படித்துக் காட்டினேன். பொம்பளை பேச்சு என்று எழுந்து போவார்கள் என்று நினைத்தேன், ஒருவரும் போகவில்லை. வலீ மட்டும் தாடியைச் சொறிந்துகொண்டே கேட்டார்.

"பெரிகான், உன் நாத்தனாவுக்கு நம்ம மேல என்னிக்கு இவ்வளவு அக்கற வந்துச்சு? போன வருசம் மரத்தயே வெட்டச் சொன்ன ஆளாச்சே."

"அவ அழுகையில சொன்னது அது. இது வேலையில சொல்றா."

"சரி. வெட்டாம நிக்கிறோம். விருந்தாளி வர்றப்ப வீடு கலைஞ்சு கிடக்கக்கூடாது, அவ்வளவுதானே? காடும் வீடு மாதிரிதான்."

அப்படித்தான் எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். தடைக்குப் பயந்து நிற்கவில்லை ஷீலான், விருந்துக்காக நின்றார்கள். மேற்பங்கில் ஒருத்தர்கூட ஒரு கிளையை ஒடிக்கவில்லை. ஹமே மட்டும் ஆட்டுக்குட்டிக்கென்று நாலு கொம்பு ஒடித்தான். அவன் மனைவியே அவனைத் தெருவில் நிறுத்தி வைத்துத் திட்டினாள். முதல் வாரம் முழுக்க வீட்டுக்கு வீடு ரொட்டி சுட்டு மூடி வைத்தோம். பாதைக் கல்லைக்கூடப் பெருக்கினார்கள். வலீ ஒரு கிடாவை நிறுத்தி வைத்திருந்தார், அது தின்று தின்று கொழுத்துவிட்டது.

முதல் வாரம் போயிற்று. இரண்டாவது வாரமும் போயிற்று. ரொட்டி காய்ந்து ஆட்டுக்குப் போட்டோம். நேற்று என்னைப் பார்த்ததும் ஊற்றங்கரையில் பேச்சு நின்றது.

காடு பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. முறை வந்த வருடத்தில் மேற்பங்கு இப்படிப் பச்சையாக நின்று நான் பார்த்ததில்லை. இலை எல்லாம் மரத்தில் நிற்கிறது, போர் ஒன்றுகூட இல்லை.

வருவார்களா, மாட்டார்களா? ஒரு வரி போதும். வராவிட்டால் வரவில்லை என்று எழுது, இன்றைக்கே ஏறிவிடுவோம்.

பெரிகான்


தெஹ்ரான்
செப்டம்பர் 28

அண்ணி,

அவசரமாக எழுதுகிறேன். வண்டிக்கு அனுமதி கிடைக்கவில்லை, எல்லைப் பக்கம் போக இன்னொரு அலுவலகத்தின் கடிதம் வேண்டுமாம். அந்த அதிகாரி விடுப்பில் இருக்கிறார். இன்னும் பத்து நாள் என்கிறார்கள். அதை நம்பாதீர்கள். நானே நம்பவில்லை.

வெட்டிவிடுங்கள். யார் என்ன எழுதினாலும் நான் பார்த்துக்கொள்கிறேன். உடனே தொடங்கச் சொல்லுங்கள்.

இதை உங்களுக்கு எப்படிச் சீக்கிரம் சேர்ப்பது என்று தெரியவில்லை. இரண்டு தடவை போன் பக்கம் போய்விட்டுத் திரும்பினேன். பானே பஸ் டிரைவரிடம் கையில் கொடுத்தனுப்புகிறேன். நாளை மறுநாள் கிடைத்துவிடும் என்கிறார்.

தயவுசெய்து நீங்கள் ஏறாதீர்கள்.

ஷீலான்


கானீதார்
அக்டோபர் கடைசி

ஷீலான்,

உன் கடிதம் நேற்று கிடைத்தது. டிரைவர் தன் அண்ணன் மகள் கல்யாணத்துக்குச் சட்டை மாற்றிக்கொண்டு போனாராம், பழைய சட்டைப் பையில் கடிதத்தை மறந்துவிட்டாராம். வந்து நின்று என் காலைத் தொடாத குறை. அவரைத் திட்டி என்ன?

நாங்கள் அக்டோபர் பிறந்ததும் தொடங்கப் பார்த்தோம். மூன்றாம் நாளே உறைபனி விழுந்தது, இருபது வருடத்தில் இவ்வளவு சீக்கிரம் விழுந்ததில்லை என்கிறார்கள். ஒரே ராத்திரியில் மேற்பங்கு முழுக்கப் பழுப்பு. வெட்டிய கொஞ்சமும் கட்டும்போதே பொடியாக நொறுங்கியது. ஒரு வீட்டுக்கு ஒரு போர்கூடத் தேறவில்லை.

பானே சந்தையில் இப்போது நம் ஊர் ஆடுகள்தான். எல்லாரும் ஒரே நேரத்தில் ஓட்டிப் போனால் என்ன விலை கிடைக்கும்! வலீ தன் மந்தையை மொத்தமாகக் கொடுத்துவிட்டார். அந்தக் கொழுத்த கிடாவும் போயிற்று. போகும்போது என் வாசலில் நின்றார்.

"உன் நாத்தனா மேல கோவமில்ல பெரிகான். அவ எழுதினா, நீ படிச்ச, நாங்க கேட்டோம். யார் யாரைச் சொல்றது? மருமவன் பானேயில கடை வச்சிருக்கான். பொட்டி தூக்கி வைக்க ஆள் வேணுமாம்."

அறுபது வயதில் பெட்டி தூக்கப் போகிறார். கோபமில்லை என்று சொன்னதற்குப் பதிலாக அவர் ரெண்டு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். மற்றவர்கள் அதுவும் சொல்லவில்லை. ஊற்றங்கரையில் எனக்கு இடம் விட்டு நகர்ந்து நிற்கிறார்கள், அவ்வளவுதான்.

நான் விற்கவில்லை. எத்தனை பிழைக்குமோ பிழைக்கட்டும்.

உன்னைத் திட்ட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். தெம்பில்லை.

பெரிகான்


தெஹ்ரான்
டிசம்பர் 14

அன்புள்ள அண்ணிக்கு,

முடிவு எழுதிவிட்டார்கள். என் வாயால்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

ஆட்கள் எந்தச் சரிவுக்கும் போகவில்லை. வண்டி கிடைக்காததால் வானத்திலிருந்து செயற்கைக்கோள் எடுத்த படங்களை வைத்தே பார்த்துவிடலாம் என்று எங்கள் குழுத் தலைவர் சொல்லிவிட்டார். செப்டம்பரில் எடுத்த படங்கள். சில வருடங்களுக்கு முந்தைய செப்டம்பர் படத்தையும் (நம் ஊரில் அதுவும் மேற்பங்கு முறை வருடம்தான்) இந்த வருடத்துப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எங்கே பச்சை கூடியிருக்கிறது, எங்கே குறைந்திருக்கிறது என்று பார்த்தார்கள். மற்ற எல்லாச் சரிவுகளிலும் கொஞ்சம் குறைந்திருந்தது. ஒரே ஒரு சரிவில் மட்டும் நன்றாகக் கூடியிருந்தது. எல்லாரும் அதைச் சுட்டிக் காட்டினார்கள். கானீதார்.

நான் எழுந்து சொன்னேன். அங்கே காடு தேறவில்லை, இலை வெட்டாமல் நிறுத்தியிருக்கிறார்கள், நிறுத்தச் சொன்னதே நான்தான், தெற்குச் சரிவில் மரம் செத்துக்கொண்டிருக்கிறது என்று. தலைவர் நல்ல மனிதர், கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"ஷீலான் அம்மா, உங்க ஊர் ஒண்ணு கத்திய கீழ வச்சா நாடு பூரா பச்சையாயிடுமா?"

அவர் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் கொடுமை. நம் சரிவை நீக்கிவிட்டு நானே ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன், முடிவு மாறவில்லை. ஓக் நிறைய இருக்கிறது. நிறைய இருக்கிற மரம் மெதுவாகச் சாவதை அளக்க எங்களிடம் கோல் இல்லை. 'கவலை குறைந்த மரம்' என்று குறித்தார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன். போடாமல் இருந்திருந்தால் அது மரத்துக்காகவா, உங்களை ஏறவிடாமல் செய்யவா என்று எனக்கே தெரிந்திருக்காது.

ஆகவே தடை இல்லை. நீங்கள் எப்போதும் போல இலை வெட்டலாம், யாரும் கேட்க முடியாது. உங்கள் ஊருக்கு நான் வாங்கித் தந்தது இதுதான். வெட்டுவதற்கு உரிமை இருக்கிறது, தின்பதற்கு ஆடு இல்லை. காய்கிற மரத்துக்கு மருந்தும் வராது, ஆளும் வராது. கவலை குறைந்த மரத்துக்கு யார் செலவு செய்வார்கள்!

வலீ பெரியவரின் பெட்டி என் முதுகில் இருப்பது போல இருக்கிறது. சனந்தஜ் சாவியைப் பற்றி இனி எழுத மாட்டேன்.

பனி அதிகமா? எத்தனை ஆடு இருக்கிறது?

ஷீலான்


கானீதார்
பிப்ரவரி, பாதை திறந்த அன்று

ஷீலான்,

கவலை குறைந்த மரமா? நல்லது. இந்த ஊரில் ஒருவருக்காவது கவலை குறைந்ததே.

நீ கையெழுத்துப் போட்டது சரி. மனது தெரியாமல் எழுதியிருந்தால் அது உன்னை அரித்துக்கொண்டே இருந்திருக்கும். உன்னைத் திட்ட அக்டோபரில் தெம்பில்லை என்று எழுதினேன். இப்போது தெம்பிருக்கிறது, திட்ட மனம் இல்லை.

ஜனவரியில் பனி இடுப்பளவு. என்னிடம் இருந்த வைக்கோலும் நொறுங்கிய இலையும் தீர்ந்தன. ஆடுகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து படுத்தன, காலையில் எழுப்பினால் சில எழவில்லை. ஒருநாள் கூரைக் குச்சியை உருவிக் கொடுத்தேன், அதையும் மென்றன. அப்புறம் கயிற்றை எடுத்துக்கொண்டு அந்த மரத்துக்குப் போனேன்.

நீ ஏறாதே என்றாய். ஏறினேன். வேறு யார் இருக்கிறார்கள்? வலீ வீடு பூட்டிக் கிடக்கிறது, ஆட்டை விற்றுவிட்டுப் போன பாதி வீடுகள் அப்படித்தான். முதல் கிளையில் கால் வைத்ததும் வாய் தானாக "இருக்கியா?" என்றது. யாரும் இல்லை. பின்னாலேயே வந்த கிழட்டுப் பெட்டை ஆடு ஒன்று கீழே நின்று கத்தியது. அதையே பதிலாக வைத்துக்கொண்டு அடுத்த கிளைக்குப் போனேன். எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் அழுகை வந்தது. மரத்தின் மேல் இருந்துகொண்டு கண்ணைத் துடைக்கவும் கை இல்லை.

போரின் மேல் அடுக்குகள் கறுத்துப் போயிருந்தன. அதை நீக்கினேன். உள்ளே இலை பச்சை மாறாமல் மடித்து வைத்தபடி இருந்தது. ஒன்றேகால் வருடம், ஷீலான்! உன் அண்ணன் காம்பை வெளியே விட்டு இலையை உள்ளே வைத்து அடுக்குவார். அவர் போரில் தண்ணீர் இறங்காது என்று ஊரில் சொல்வார்கள், நான் பெருமைக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். கையை உள்ளே விட்டதும் அந்த மணம் வந்தது. கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவர் உட்கார்ந்திருப்பதாகச் சொன்ன அதே கவையில்.

கட்டு கட்டாகக் கீழே போட்டேன். ஆடுகள் பாய்ந்து வந்து தின்றன. பிப்ரவரிவரை அளந்து அளந்து கொடுத்தேன். நாலு பெட்டையும் ஒரு கிடாவும் மிச்சம். இரண்டு பெட்டை சினை. இந்தக் குளிரில் அவைகளுக்குத் தீனி போட்டவர் உன் அண்ணன்தான். இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம்தான் சொல்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மேற்பங்கை இந்த வருடமும் வெட்டாவிட்டால் பங்கு போய்விடும். கேட்க ஆளில்லாத ஊரில் பங்கு போனால் என்ன என்று நீ நினைக்கலாம். எனக்கு ஆள் இருக்கிறது, நாலு பெட்டையும் ஒரு கிடாவும். அவைகளுக்கு இரண்டு போர் போதும். அது என்னால் முடியும். முட்டி வலிக்கு வெந்நீர் ஊற்றிக்கொள்கிறேன்.

கிழட்டுப் பெட்டையை நம்பி மறுபடி ஏற முடியாது. நடு மரத்தில் நான் இருக்கும்போது அது தொழுவத்தைப் பார்த்துப் போய்விட்டது.

கீழே நிற்க ஓர் ஆள் வேண்டும். ஆகஸ்ட் கடைசியிலிருந்து, போர் முடியும்வரை. மேலே இருப்பவள் கேட்டால் பதில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கிளைக்கும், சலிக்காமல். வேறு வேலை இல்லை.

பெரிகான்


தெஹ்ரான்
மார்ச் 9, 2005

அண்ணி,

உங்கள் கடிதத்தைப் பஸ்ஸில் படித்துவிட்டு இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

அண்ணன் அடுக்கிய இலையைத் தின்ற ஆடுகளை நான் பார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 22 முதல் விடுப்பு கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். எதற்கு என்று தலைவர் கேட்டார். "ஊர்ல இலை வெட்டு" என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அவர் தராவிட்டாலும் வந்திருப்பேன்.

எனக்கு உயரம் என்றாலே தலை சுற்றும், கீழே நிற்பது என்றால் முடியும். தெற்குச் சரிவையும் இந்தத் தடவை நானே நடந்து பார்க்கிறேன். நாடாவும் கத்தியும் கொண்டு வருகிறேன், ஒவ்வொரு மரமாக அளக்கலாம். யாரும் படிக்காவிட்டாலும் நாம் இருவருக்காவது தெரிந்திருக்கட்டும். நீங்கள் ரொட்டி மட்டும் சுட்டு வையுங்கள். இந்தத் தடவை விருந்தாளி நிச்சயமாக வருகிறாள்.

நான் வருவதைச் சொல்லப் போன் செய்ய மாட்டேன். பானேயில் இறங்கி நடந்து வந்துவிடுவேன்.

நீங்கள் மேலே ஏறிய பிறகு எத்தனை தடவை கேட்டாலும் இருக்கேன் என்று சொல்கிறேன். ஹமேயின் கடையில் போன் அடித்தால் அடிக்கட்டும்.

ஷீலான்